தோற்ற மூன்று வால்வுகள்

‘நம் நாட்டிலேயே தயாராகும் மருத்துவக் கருவிகள்’ என்று தலைப்பைக் கொடுத்து, வெற்றிக் கதையாக இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். சித்ரா இதய வால்வை விட்டால் அப்படியொரு வெற்றிக் கதைக்கு எங்கே போவது? திருவனந்தபுரம் பூஜப்புரையில், பழைய அரண்மனை ஒன்றில் அமைந்த ஆய்வுக்கூடத்தில் உருவான வால்வு அது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இன்றைக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த ஒரு லட்சத்தை நாடே கொண்டாடியாயிற்று. விற்பனைக்கு வந்தது நான்காவது மாதிரி. எனக்கு எழுதத் தோன்றுவது, அதற்கு முன்னால் தோற்றுப்போன மூன்றைப் பற்றி.

முதலில் ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் இதயம் வருடத்துக்கு ஏறத்தாழ 3 கோடியே 78 லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு ஒருமுறை திறந்து மூட வேண்டும். மேலை நாடுகளில் வால்வு கெட்டுப்போவது பெரும்பாலும் முதுமையில். நம் ஊரில் சிறுவயதில் தொண்டை வலியோடு வந்துபோன ருமாட்டிக் காய்ச்சல், இருபது இருபத்தைந்து வயதில் வட்டியோடு வசூலிக்க வரும். முதல் பிரசவத்துக்கு வந்த இடத்தில் மூச்சுத் திணறி, வால்வு சுருங்கியிருப்பது அப்போதுதான் தெரியவரும் பெண்கள் உண்டு. இருபத்தைந்து வயதில் வைக்கிற வால்வு நாற்பது வருடம் உழைக்க வேண்டும் என்றால், 150 கோடித் தடவை. பழுது பார்க்க இடையில் கழற்ற முடியாது.

சித்ரா வால்வின் அமைப்பு பார்வைக்கு எளிது. உலோக வளையம், அதற்குள் ஒரு வட்டத் தட்டு, தட்டு நழுவாமல் பிடித்துக்கொள்ள, வளையத்திலிருந்து நீளும் தண்டுகள். கீல் கிடையாது. ரத்தம் தள்ளினால் தட்டு சாய்ந்து வழிவிடும், திரும்பி வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். துடிக்கத் துடிக்கத் தட்டு மெல்லச் சுழன்றுகொண்டும் இருப்பதால், ஒரே இடம் தேயாமல் தேய்மானம் சுற்றிலும் பரவிவிடுகிறது.

முதல் மாதிரியின் கூடு, அதாவது வளையமும் தண்டுகளும், டைட்டானியம். உடம்புக்கு ஒத்துப்போகிற உலோகம், எடையும் குறைவு. சோதனைப் பொறியில் வைத்து ஓட்டினார்கள். பற்றவைத்த இடத்தில் முறிந்தது. சரி, பற்றவைப்பே வேண்டாம் என்று இரண்டாவது மாதிரியில் ஒரே டைட்டானியக் கட்டியைக் குடைந்து கூடு செய்தார்கள். தட்டுக்குச் செயற்கை நீலக்கல். வைரத்துக்கு அடுத்த வரிசையில் நிற்கிற கடினம், தேயவே தேயாது. ஆம், தட்டு தேயவில்லை. அது உரசி உரசி டைட்டானியம் தேய்ந்துவிட்டது. மூன்றாவதில் கூட்டைக் கோபால்ட்-குரோமியம் வகை உலோகக் கலவைக்கு மாற்றினார்கள். பொறியில் பிரமாதமாக ஓடியது. செம்மறி ஆட்டின் இதயத்தில் பொருத்தினார்கள். சில மாதம் நன்றாக இருந்த ஆடு ஒருநாள் செத்துப்போனது. உள்ளே நீலக்கல் தட்டு உடைந்திருந்தது.

அந்த இடத்தில் திட்டத்தை ஊற்றி மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1970-களின் பிற்பாதியில் தொடங்கிய வேலை. செலவு ஏறிக்கொண்டே போகிறது, கையில் காட்ட ஒன்றும் இல்லை. வெளிநாட்டு வால்வுகளில் பயன்பட்ட பைரோலிடிக் கார்பன் இங்கே கைக்கு எட்டாத பொருள். நான்காவது மாதிரிக்கு அவர்கள் எடுத்த பொருள்தான் வேடிக்கை. பாலிஎத்திலீன்! மூலக்கூறு எடை மிக மிக அதிகமான வகை. இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையில் கிண்ணம் செய்யப் பயன்படுவது. நீலக்கல் தோற்ற இடத்தில் பிளாஸ்டிக் நின்றது. அடியை வாங்கிக்கொள்கிற மென்மை அதற்கு உண்டு, உலோகத்தையும் அரிக்காது. கூடுதல் லாபம், ராத்திரியில் மார்புக்குள் ‘டிக் டிக்’ என்று கேட்டு நோயாளியைத் தூங்கவிடாத சத்தமும் குறைந்தது. ஆறு மருத்துவமனைகளில் 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பார்த்த பிறகுதான் 1990-களின் நடுவில் விற்பனைக்கு வந்தது.

முதல் மாதிரியின் முறிவை நான் லேசாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில், 1979 முதல் 1986 வரை, அமெரிக்கத் தயாரிப்பான வேறொரு சாய்தட்டு வால்வு உலகச் சந்தையில் இருந்தது. ரத்தம் இன்னும் தாராளமாக ஓட வேண்டும், உறைகட்டி குறைய வேண்டும் என்று தட்டின் வடிவத்தை மாற்றியிருந்தார்கள். நோக்கம் நல்லதுதான். சுமார் 86,000 பேருக்குப் பொருத்திய பிறகு தெரியவந்தது, சிலருக்குள் தண்டு பற்றவைத்த இடத்தில் முறிகிறது என்று. தட்டு மூடும்போது கொஞ்சம் கூடுதலாகத் திரும்பித் தண்டின் நுனியை வளைத்திருக்கிறது; துடிப்புக்குத் துடிப்பு வளைந்து, கடைசியில் ஒடிந்திருக்கிறது. 600-க்கும் மேற்பட்ட முறிவுகள் பதிவாயின. தண்டு ஒடிந்தால் தட்டு ரத்தத்தோடு போய்விடும். அப்படி நேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அந்த வால்வைத் தாங்கிய மற்றவர்கள் தங்கள் நெஞ்சில் இருப்பது எப்போது ஒடியுமோ என்ற பயத்தோடு மீதி வாழ்நாளைக் கழித்தார்கள்.

இங்கே பற்றவைப்பு முறிந்தது சோதனைப் பொறியில். அங்கே முறிந்தது மனிதருக்குள்.

அந்தப் பொறி எப்படி வேலை செய்கிறது? வெதுவெதுப்பான திரவத்துக்குள் வால்வைப் பொருத்தி, இதயத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் திறந்து மூட வைக்கிறார்கள். சர்வதேசத் தர விதிப்படி இத்தகைய உறுதித் தட்டு வால்வு 40 கோடி சுற்று தாங்க வேண்டும். நொடிக்கு 15 சுற்று என்று ராத்திரி பகல் நிறுத்தாமல் ஓட்டினாலும் 308 நாள் ஆகும். நடுவில் பொறி பழுதானால், அளவு தவறினால், தள்ளிப்போகும். முடிவில் முறிந்தால் வடிவத்தை மாற்றி மறுபடி ஒன்றிலிருந்து. இதற்கு மேல் உயிரணுச் சோதனை வேறு: பொருளை ஊறவைத்த சாற்றை எலியின் உயிரணுக்கள் மேல் விட்டு, 70 சதவீதத்துக்குக் குறையாமல் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பது. அது ஓரிரு நாள் வேலை, பெரும்பாலானோர் தாண்டிவிடுகிறார்கள்.

என் கவலை அந்த 308 நாளைப் பற்றியது. இன்று பொறியியல் கல்லூரிதோறும் மருத்துவக் கருவி செய்கிறார்கள். 36 மணி நேரப் போட்டி, முப்பரிமாண அச்சில் எடுத்த மாதிரி, மேடை, பெரிய அட்டையில் அச்சடித்த காசோலை, மறுநாள் பேப்பரில் படம். பிள்ளைகளின் மூளையை நான் குறை சொல்லவில்லை. அந்த மாதிரி மறுவருடம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். செய்தவர் ஐ.டி. வேலைக்குப் போயிருப்பார், கருவி துறைத்தலைவர் அறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கும். ஒருமுறை வேலை செய்து காட்டுவதற்கு நிதி கிடைக்கிறது. 40 கோடி முறை வேலை செய்யுமா என்று பார்க்க நிதி கேட்டால், ‘இன்னுமா முடியவில்லை?’ என்ற கேள்விதான் வருகிறது. 2018 முதல் நடைமுறையில் உள்ள மருத்துவக் கருவி விதிகள் இதய வால்வை ஆபத்து மிகுந்த ‘டி’ பிரிவில் வைத்து, உரிய ஆதாரங்களைக் கேட்கின்றன. கேட்பது நியாயம். அவற்றைச் சேர்க்கிற பத்து மாதமும் அந்த இளைஞர் எதைச் சாப்பிடுவார் என்பது விதியில் இல்லை.

இன்னொன்று, தோல்வியை எழுதிவைப்பது. அந்த மூன்று மாதிரிகளும் எப்படித் தோற்றன என்பதைச் செய்தவர்களே கட்டுரைகளில் எழுதிவைத்ததால்தான் இன்று நான் இதை எழுத முடிகிறது. இப்போதோ திட்ட அறிக்கைகளில் ‘முடிவுகள் திருப்திகரமாக உள்ளன’ என்பதைத் தவிர வேறு வாக்கியமே கண்ணில் படுவதில்லை. பக்கத்து ஊர் ஆய்வுக்கூடத்தில் முறிந்த அதே வடிவத்தை இன்னொருவர் புதிதாக வரைந்துகொண்டிருப்பார்.

சாய்தட்டு வால்வே பழைய சரக்கு, இரட்டை இதழ் வால்வும் திசு வால்வும் தொடை வழியாகக் குழாய் செலுத்திப் பொருத்துகிற வால்வும் வந்தாயிற்று, இத்தனை வருடம் சோதித்துக்கொண்டிருந்தால் உலகம் முந்திவிடும் என்பவர்கள் உண்டு. இருக்கலாம். புதிய வால்வுகளும் அதே பொறிக்குள் இறங்கித்தான் வர வேண்டும்.

பொறி ஒன்றும் ராக்கெட் இல்லை. ஒரு பம்ப், ஒரு மோட்டார், அழுத்தமானிகள், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தொட்டி. ஒரே நேரத்தில் பல வால்வுகளை வரிசையாக மாட்டலாம். பம்ப் செய்வதில் கோயம்புத்தூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அங்கே பொதுவான சோதனைக்கூடம் ஒன்று வைத்தால் தென்னிந்தியக் கல்லூரிகள் முறை போட்டுப் பயன்படுத்தலாம். தேவைப்படுவது 308 நாள் மின்சாரமும், ராத்திரி கண் விழிக்க ஒரு டெக்னீஷியனின் சம்பளமும். அதற்குப் பரிசுப் பணம் தருகிற போட்டி ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.