கண்ணுக்குத் தெரியாத வேலிகள்

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு வானம் வெறும் வெளியாகத்தான் தெரியும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலிருந்து பார்த்தாலும் அப்படித்தான். ஆனால், விமானி கையில் வைத்திருக்கும் வரைபடத்தில் அதே வானம் வரப்புகள் பிரித்த வயலைப் போலப் பல துண்டுகளாக இருக்கும். 1965இல் திறக்கப்பட்ட சுபாங் விமான நிலையத்தையும் 1998இல் திறக்கப்பட்ட சிப்பாங் அனைத்துலக விமான நிலையத்தையும் சுற்றிக் கட்டுப்பாட்டு வான்வெளிகள் உள்ளன. அவற்றுக்குள் அனுமதியின்றி எந்த விமானமும் நுழையக்கூடாது.

இவை தவிர வேறு சில பகுதிகளும் உண்டு. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ ஒப்பந்தம், பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தன் வான்வெளியின் ஒரு பகுதியை மூடிவைக்கும் உரிமையை ஒவ்வொரு நாட்டுக்கும் அளித்துள்ளது. அப்பகுதிகள் மூவகைப்படும். தடைப் பகுதிக்குள் பறக்கவே கூடாது. கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் குறிப்பிட்ட நிபந்தனைகளின்படி மட்டுமே பறக்கலாம். பீரங்கிப் பயிற்சி போன்றவை நடக்கும் இடம் அபாயப் பகுதி. சில வேலிகள் நிரந்தரமானவை. வேறு சில, அணிவகுப்புக்காகவோ தலைவர்களின் மாநாட்டுக்காகவோ ஓரிரு நாள் மட்டும் எழுப்பப்படுபவை. இந்தத் தற்காலிக வேலிகளே சிறு விமான ஓட்டிகளை அதிகம் ஏமாற்றுகின்றன. அவை அச்சிட்ட வரைபடத்தில் இருப்பதில்லை. 'நோட்டம்' எனப்படும் விமானிகளுக்கான அறிவிப்பில்தான் இருக்கும். தமிழில் நோட்டம் என்றால் பார்வையிடுதல் என்று பொருள். தற்செயலாக அமைந்தாலும் பொருத்தமான பெயர்!

பெரிய பயணிகள் விமானத்தைத் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளர் வழிநெடுகக் கண்காணிக்கிறார். சிறு விமானத்தை ஓட்டும் தனியார் விமானியோ பெரும்பாலும் கண்ணை நம்பியே பறக்கிறார். ஆறு, நெடுஞ்சாலை, துறைமுகம், உயர்ந்த கட்டடம் ஆகியவையே அவருக்கு வழிகாட்டிகள். புகைமூட்டம் சூழ்ந்தால் அவை மங்கிவிடும். பிற்பகலில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடியுடன் மழை திரள்வது வழக்கம். கருமேகத்தைத் தவிர்க்க விமானத்தைச் சற்றே திருப்பும் விமானி, சில நிமிடங்களில் பல கிலோமீட்டர் விலகிப் போயிருப்பார். வேலியைத் தாண்டியது அவருக்கே தெரியாது.

அடுத்து நடப்பது என்ன? 2008 ஜனவரி 22ஆம் நாள், தாய்லாந்தின் கோ சாமுய் தீவிலிருந்து வந்த செஸ்னா 208 ரகச் சிறு விமானம் ஒன்று, முறையான அனுமதி இல்லாமல் சிங்கப்பூர் வான்வெளியை நெருங்கியது. உடனே எஃப்-16 போர் விமானங்கள் புறப்பட்டுச் சென்று அதை இடைமறித்தன. சாங்கி விமான நிலையம் ஏறத்தாழ 50 நிமிடம் மூடப்பட்டது. ஒரு சிறு விமானத்தின் பொருட்டு, அந்நேரத்தில் புறப்படவும் இறங்கவும் இருந்த அத்தனை பேரும் காத்திருக்க நேர்ந்தது.

நம் நாட்டிலிருந்து புறப்பட்ட விமானமும் இப்படிச் சிக்கியதுண்டு. 2014 அக்டோபர் 28ஆம் நாள், சரவாக்கின் சிபு நகரிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்த பயிற்சி விமானத்தை இந்தோனேசியாவின் சுகோய் போர் விமானங்கள் மறித்து, பொந்தியானாக்கில் இறங்கச் செய்தன. அந்தக் கடல் பகுதியில் அப்போது விமானப் போக்குவரத்தைக் கவனித்து வந்தது சிங்கப்பூர்க் கட்டுப்பாட்டு நிலையம். ஆனால், வான்வெளியின் உரிமை இந்தோனேசியாவுடையது. வழிகாட்டுபவர் ஒருவர், வீட்டுக்காரர் வேறொருவர். வீட்டுக்காரரின் அனுமதியைத் தனியே பெற வேண்டும். அதே மாதத்தில், டார்வினிலிருந்து பிலிப்பீன்சுக்குப் பறந்த ஆஸ்திரேலியச் சிறு விமானம் ஒன்றும் மெனாடோவில் இறக்கப்பட்டது. அதற்கு 6 கோடி ரூப்பியா அபராதம் விதிக்கப்பட்டது.

தெரியாமல் செய்த தவற்றுக்குப் போர் விமானம் எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். ரேடார் திரையில் தெரிவது ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளிக்குள் இருப்பவர் வழிதவறியவரா, தாக்க வருபவரா என்பதைத் திரை சொல்லாது. வானொலியில் பதிலும் வராவிட்டால், அருகில் சென்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இடைமறிக்கும் முறையை உலக நாடுகள் பொதுவாக வகுத்துள்ளன. போர் விமானம் சற்று மேலே, இடப்பக்கமாக முன்னே வந்து இறக்கைகளை ஆட்டும். 'என்னைப் பின்தொடர்' என்பது அதன் பொருள். வழிதவறிய விமானியும் தம் விமானத்தின் இறக்கைகளை ஆட்டி, புரிந்தது என்று காட்டிவிட்டுப் பின்தொடர வேண்டும், 121.5 மெகாஹெர்ட்ஸ் என்ற அவசர அலைவரிசையில் பேசவும் முயல வேண்டும். போர் விமானம் திடீரெனத் திரும்பி மேலேறிச் சென்றால், 'நீ போகலாம்' என்று பொருள். மொழி தெரியாத இருவர் வானில் இறக்கையால் பேசிக்கொள்ளும் முறை இது.

இந்த விதிகள் பின்பற்றப்படாத இடத்தில் உயிர்கள் போயுள்ளன. 1983 செப்டம்பர் 1ஆம் நாள், தென்கொரியாவின் பயணிகள் விமானம் ஒன்று பாதை விலகிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது. சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் இறந்தனர். மறு ஆண்டே சிக்காகோ ஒப்பந்தத்தில் புதிய விதி ஒன்றைச் சேர்க்க நாடுகள் முடிவு செய்தன. பறந்துகொண்டிருக்கும் பொதுப் பயணிகள் விமானத்தின் மீது ஆயுதம் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்பதே அவ்விதி. அது நடைமுறைக்கு வர 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உயிர் தப்பிய விமானிக்கும் விளைவுகள் உண்டு. 2005 மே 11ஆம் நாள், இருவர் ஓட்டிச் சென்ற செஸ்னா 150 விமானம் வாஷிங்டன் நகரின் தடைப் பகுதிக்குள் புகுந்தது. வெள்ளை மாளிகையிலும் நாடாளுமன்றத்திலும் இருந்தவர்கள் அவசரமாக வெளியேற்றப்பட்டனர். போர் விமானங்கள் எச்சரிக்கைத் தீப்பிழம்புகளை வீசிய பிறகே அது திரும்பியது. புறப்படுமுன் வானிலை அறிக்கையையும் விமானிகளுக்கான அறிவிப்பையும் பார்க்கவில்லை என்பது விமானத்துக்குப் பொறுப்பேற்றிருந்தவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவரது உரிமம் பறிக்கப்பட்டது. உடன் சென்ற பயிற்சி மாணவர் மீது நடவடிக்கை இல்லை.

இன்று இந்த வேலிகளைத் தாண்ட விமானம்கூடத் தேவையில்லை. கடையில் வாங்கிய டிரோனைத் திருமண ஊர்வலத்தைப் படமெடுக்கப் பறக்கவிடும் இளைஞரும் ஒரு வகையில் விமானிதான். மலேசியாவின் 2016ஆம் ஆண்டு வான் போக்குவரத்து விதிகளின்படி, விமான நிலையத்தைச் சூழ்ந்த வான்வெளியிலும் 400 அடிக்கு மேலும் டிரோனைப் பறக்கவிட ஆணையத்தின் அனுமதி வேண்டும். மீறும் தனிநபருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சுபாங், சிப்பாங் ஆகிய இரு நிலையங்களுக்கு இடையே அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில், வீட்டு மொட்டை மாடியிலிருந்து எழும் டிரோனுக்குக்கூட அந்த வேலி வெகு தொலைவில் இருப்பதில்லை.