ரிட்டயர்மென்ட்ல சொகுசு கேரவன்: வாங்குறதா, வாடகையா? முழுக் கணக்கு



கேரவன்னு சொன்னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது சினிமா ஷூட்டிங்தான். ஹீரோ ஓய்வெடுக்கிற ஏசி வண்டி. ஆனா இப்ப வீடியோக்கள்ல வெளிநாட்டு கேரவன் பயணங்களைப் பார்த்துட்டு, "ரிட்டயர் ஆனதும் நாமளும் இப்படி ஒரு வண்டி வாங்கி, ராமேஸ்வரத்துல இருந்து காஷ்மீர் வரைக்கும் போயிடணும்"னு ஆசைப்படுறவங்க நிறைய பேர் இருக்காங்க. படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை, ஏசி எல்லாம் உள்ளேயே. ஆசையில தப்பே இல்லை. ஆனா அதுக்கான பணம் எந்தப் பானையில இருந்து வருதுங்கிறதுதான் கேள்வி. அதை இன்னைக்கு எண்களோட பார்ப்போம்.

உதாரணத்துக்கு, விருத்தாசலம் பக்கத்துல நம்ம நல்லூர்ல ஒரு குடும்பம்னு வச்சுக்குவோம். அண்ணனுக்கு 48 வயசு, நெய்வேலியில வேலை. 60-ல் ரிட்டயர் ஆகும்போது பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய தொகை கைக்கு வரும். அந்தத் தொகை வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் வரும். கேரவன் ஆசை நேரா கை வைக்கிறதும் அங்கேதான்.

முதல்ல, ரிட்டயர்மென்ட் பணத்துல வாங்கினா என்ன ஆகும்?

நல்ல வசதியுள்ள கேரவனுக்கு 30 லட்சம் ரூபாய்னு ஒரு கணக்கு வச்சுக்குவோம். வசதி கூடக் கூட இது எங்கேயோ போகும். புரியறதுக்கு 30 போதும்.

இதே 30 லட்சத்தை 60 வயசுக்கு மேல தபால் ஆபீஸ்லயோ பேங்க்லயோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல போடலாம். ஒருத்தருக்கு அதிகபட்ச வரம்பும் 30 லட்சம்தான். 2025-ல் வட்டி 8.2 சதவீதம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை 61,500 ரூபாய் வரும். அதாவது மாசம் 20,500 ரூபாய்.

அப்போ 30 லட்சத்துக்கு வண்டி வாங்குறதுன்னா, மாசம் 20,500 ரூபாய் வருமானத்தை விட்டுக்கொடுக்கிறதுன்னு அர்த்தம். நல்லூர் மாதிரி ஊர்ல சொந்த வீட்டுல இருக்கிற கணவன் மனைவிக்கு அது மளிகை, கரண்ட் பில், மருந்துச் செலவுன்னு கிட்டத்தட்ட மொத்தக் குடும்பச் செலவு. நாளைக்கு அண்ணன் இல்லாத நிலைமை வந்தா, அண்ணிக்கு மாசாமாசம் வர வேண்டிய பணமும் அதுதான். வண்டி வாசல்ல நிக்கும். ஆனா அது மாசம் ஒரு ரூபாய்கூடத் தராது.

"அப்போ லோன் போட்டுக்கலாமே?"ன்னு கேட்பீங்க. 30 லட்சம், 10 சதவீத வட்டி, 7 வருஷம்னா மாசத் தவணை சுமார் 49,800 ரூபாய். மொத்தமா கட்டுறது ஏறக்குறைய 41.8 லட்சம். சம்பளம் நின்ன பிறகு இந்தத் தவணை வேண்டவே வேண்டாம்.

வண்டியோட உண்மையான விலை: ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?

ஷோரூம் விலையைப் பார்க்காதீங்க. ஒரு ராத்திரிக்கு என்ன செலவுன்னு பாருங்க. சில அனுமானங்கள் எடுத்துக்குவோம். 30 லட்சத்துக்கு வாங்கி, 10 வருஷம் வச்சிருந்து, 8 லட்சத்துக்கு விக்கிறோம்.

- மதிப்புக் குறைவு: 22 லட்சம் ÷ 10 = வருஷம் 2.20 லட்சம்
- கை நழுவின வட்டி: வருஷம் 2.46 லட்சம்
- இன்சூரன்ஸ், வரி, சர்வீஸ், டயர், பேட்டரி: வருஷம் 1.20 லட்சம்
- மொத்தம்: வருஷம் 5.86 லட்சம்

இதுல டீசல் இல்லை, டோல் இல்லை. இப்ப வகுத்துப் பாருங்க. வருஷத்துல 40 ராத்திரி வண்டியில தங்கினா, ஒரு ராத்திரிக்கு 14,650 ரூபாய். 100 ராத்திரின்னா 5,860. 150 ராத்திரி தங்கினாத்தான் 4,000-க்குக் கீழே இறங்குது. அதாவது வருஷத்துல அஞ்சு மாசம் வண்டியிலேயே வாழணும்! பேரப்பிள்ளைங்க, கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, டாக்டர் செக்கப்னு இருக்கிற நம்ம வாழ்க்கையில அஞ்சு மாசம் வெளியே இருக்க முடியுமா? மனசைத் தொட்டுச் சொல்லுங்க.

சட்டமும் ரோடும் என்ன சொல்லுது?

"பழைய டிராவலர் வேன் ஒண்ணு வாங்கி, பட்டறையில கொடுத்து மாத்திக்கிட்டா சீப்பா முடியுமே"ன்னு ஒரு யோசனை வரும். கவனம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியோட அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாத்துறதைத் தடுக்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதியா சொல்லியிருக்கு. கேரவனுக்குன்னு ஏஐஎஸ்-124 அப்படிங்கிற தனித் தரமே இருக்கு. அந்தத் தரத்துல அனுமதி வாங்கின வண்டியை மட்டும் வாங்குங்க. அனுமதி இல்லாம மாத்தின வண்டி விபத்துல மாட்டினா, இன்சூரன்ஸ் க்ளெய்ம்ல பெரிய சிக்கல் வரும்.

அடுத்து லைசென்ஸ். மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற வண்டி இலகுரக வாகனத்துல வரும். அதனால ரொம்பப் பெரிய வண்டியைத் தேடாதீங்க. 55 வயசுக்கு மேல லைசென்ஸைப் புதுப்பிச்சா 5 வருஷத்துக்குத்தான் கொடுப்பாங்க. மெடிக்கல் சர்டிஃபிகேட்டும் வேணும். 60-ல் வாங்கின வண்டியை 70-ல் யார் ஓட்டுவாங்க? டிரைவர் வச்சா அவருக்குச் சம்பளம், சாப்பாடு, படுக்க இடம். மேல போட்ட கணக்குல இது எதுவுமே இல்லை.

இன்னொண்ணு, நிறுத்துற இடம். நம்ம ஊர்த் தெருவுல வண்டி திரும்புமா? சித்திரை வெயில்ல மாசக்கணக்கா வெளியே நின்னா பேட்டரி, ரப்பர், உள்வேலைப்பாடு எல்லாம் என்ன ஆகும்? ஷெட் போடுற செலவையும் சேர்த்துக்கோங்க. அமெரிக்கா மாதிரி நாடுகள்ல கழிப்பறைத் தொட்டியைக் காலி பண்ண, தண்ணி பிடிக்க, கரண்ட் எடுக்கன்னு கேரவன் பார்க் எங்க பார்த்தாலும் இருக்கு. நம்ம நாட்டுல அது இப்பத்தான் தொடங்கியிருக்கு. பக்கத்து மாநிலம் கேரளா 2021-ல் "கேரவன் கேரளா"ன்னு தனிக் கொள்கையே கொண்டு வந்து, வாகமண்ல கேரவன் பார்க்கும் திறந்திருக்காங்க.

மூணு பானை முறை

சரி, இவ்வளவுக்கு அப்புறமும் ஆசை இருக்குன்னா, அதுக்கு வழி இருக்கு. பணத்தை மூணு பானையாப் பிரிச்சுடுங்க.

முதல் பானை, சோத்துப் பானை. மாசச் செலவுக்கான பணம். பிஎஃப், கிராஜுவிட்டி, பென்ஷன், மூத்த குடிமக்கள் திட்டம் எல்லாம் இதுல.

ரெண்டாவது, மருத்துவப் பானை. ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியமும், அதுக்கு மேல கையில ஒரு தனித் தொகையும்.

மூணாவது, ஆசைப் பானை. கேரவன், யாத்திரை, வெளிநாடு எல்லாம் இதுல இருந்து மட்டும்தான். இது காலியானாலும் மத்த ரெண்டையும் தொடக்கூடாது.

விருத்தாசலம் செராமிக் யூனிட்கள்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். 20 பேருக்குக் குறைவா வேலை செய்யற இடத்துல பிஎஃப் கட்டாயம் இல்லை. சொந்தமா சூளை வச்சிருக்கிறவருக்கும் பிஎஃப் கிடையாது. அவங்க முதல் பானையைத் தாங்களே நிரப்பணும். பிபிஎஃப்ல மாசம் 12,500 ரூபாய், அதாவது வருஷம் 1.5 லட்சம், நிதியாண்டு ஆரம்பத்துலேயே போட்டுட்டு வந்தா, 7.1 சதவீத வட்டியில 15 வருஷத்துல சுமார் 40.68 லட்சம் ஆகும். இது முடிஞ்ச பிறகுதான் ஆசைப் பானை. ஈரம் காயாத பொம்மையைச் சூளையில வச்சா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வெடிச்சிடும். முதல் ரெண்டு பானை தயாராகாம கேரவன் வாங்குறதும் அப்படித்தான்.

ஆசைப் பானையை எப்படி நிரப்புறது?

நம்ம அண்ணனுக்கு 12 வருஷம் இருக்கு. வண்டி விலை வருஷம் 5 சதவீதம் ஏறினா, இன்னைக்கு 30 லட்சம் அப்போ சுமார் 54 லட்சம். ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்ட்ல எஸ்ஐபி, சராசரி 10 சதவீதம் கிடைக்கும்னு வச்சுக்குவோம். இது அனுமானம்தான், உத்தரவாதம் கிடையாது.

- ஒரே தொகையா கட்டினா: மாசம் சுமார் 19,400 ரூபாய்
- வருஷா வருஷம் 10 சதவீதம் கூட்டிக் கட்டினா: ஆரம்பத்துல மாசம் சுமார் 12,200. கடைசி வருஷத்துல இது 34,700 கிட்ட வந்துடும்
- இப்பவே 55 வயசுல இருக்கிறவர் ஆரம்பிச்சா: 5 வருஷம்தான் இருக்கு, ரிஸ்க் எடுக்க முடியாது. 7 சதவீதக் கணக்குல, 38.3 லட்சம் இலக்குக்கு மாசம் சுமார் 53,200!

ஏழு வருஷம் தள்ளிப்போட்டதுக்கு விலை என்னன்னு பார்த்தீங்களா?

ரிட்டயர்மென்ட்டுக்கு மூணு வருஷம் இருக்கும்போதே பணத்தை ஈக்விட்டியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா எஃப்டி மாதிரி பாதுகாப்பான இடத்துக்கு மாத்த ஆரம்பிங்க. வண்டி வாங்குற வருஷம் பார்த்து மார்க்கெட் விழுந்தா கஷ்டம். இப்படி மாத்துறதுல வரியிலயும் லாபம் இருக்கு. ஒரு வருஷத்துக்கு மேல வச்ச ஈக்விட்டி ஃபண்ட் லாபத்துல ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரைக்கும் வரி இல்லை. அதுக்கு மேல 12.5 சதவீதம். ஒரே வருஷத்துல மொத்தமா வித்தா அந்தச் சலுகை ஒரு தடவைதான் கிடைக்கும். நாலு நிதியாண்டுல பிரிச்சு வித்தா நாலு தடவை கிடைக்கும்.

என்னோட கருத்து: வண்டியை வாங்காதீங்க, பயணத்தை வாங்குங்க

இன்னைக்கு மதிப்புல 20 லட்சம் மட்டும் ஆசைப் பானையில சேர்க்குறதா இலக்கு வையுங்க. 12 வருஷத்துக்கு, ஆண்டுக்கு 10 சதவீதம் கூட்டிக் கட்டினா, ஆரம்ப எஸ்ஐபி மாசம் சுமார் 8,100 ரூபாய் போதும். அந்த 20 லட்சம் 7 சதவீதத்துல இருந்தா, 10 வருஷத்துக்கு வருஷம் சுமார் 2.8 லட்சம் எடுத்துச் செலவு பண்ணலாம். கேரவன் வாடகையும் மத்த செலவும் சேர்த்து ஒரு நாளைக்கு 10,000 ரூபாய்னு வச்சாலும், வருஷம் 28 ராத்திரி சொகுசாப் போகலாம். விலைவாசி ஏறி பத்தாவது வருஷத்துல இது 18 ராத்திரியாக் குறையும். பரவாயில்லை, நம்ம முழங்காலும் அதே வேகத்துலதான் குறைச்சுக்கும்! இன்சூரன்ஸ் இல்லை, ஷெட் இல்லை, விக்கிற தலைவலி இல்லை. உடம்பு முடியலைன்னா, மிச்சப் பணம் மருத்துவப் பானைக்குப் போயிடும். அந்த வசதி வண்டியில கிடையாது.

கொச்சியில ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்னு டீக்கடை நடத்தின விஜயன் - மோகனா தம்பதியை நிறைய பேருக்குத் தெரியும். தினமும் 300 ரூபாய் எடுத்து வச்சு, 25-க்கும் மேல நாடுகளைச் சுத்திப் பார்த்தாங்க. 2021 நவம்பர்ல விஜயன் காலமாகிற வரைக்கும் அந்தப் பயணம் நிக்கலை. குறைஞ்ச பணத்துக்கு அவங்க கடனும் வாங்கினாங்கங்கிறதையும் சொல்லிடணும். ஆனா திரும்பி வந்து கடையை நடத்தி அடைச்சாங்க. வருமானம் ஓடிக்கிட்டே இருந்ததால அது முடிஞ்சது. ரிட்டயர் ஆனவங்க அந்தக் கடன் பகுதியை மட்டும் விட்டுட்டு, தினம் எடுத்து வைக்கிற பழக்கத்தைப் பிடிச்சுக்கணும்.

அதையும் மீறி சொந்தமா வாங்கியே ஆகணும்னா, முதல்ல ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் போயிட்டு வாங்க. வீட்டுக்காரம்மாவையும் கேளுங்க. காலம்பூரா அடுப்படியில நின்னவங்களுக்கு, ஓடுற வண்டியிலயும் ஒரு அடுப்பு வேணுமான்னு அவங்கதான் சொல்லணும்.

இந்த வாரம் ஒரு பேப்பர் எடுத்து ரெண்டு எண் எழுதுங்க. ரிட்டயர் ஆன பிறகு மாசம் எவ்வளவு வேணும், வருஷத்துல எத்தனை ராத்திரி நிஜமாவே வெளியே இருப்பீங்க. ரெண்டாவது எண் 150-க்குக் கீழே இருந்தா, வாடகைதான் உங்களுக்கு. வீட்டுல ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்க.

அடுத்த பதிவுல, மூத்த குடிமக்கள் திட்டத்துல கணவன் மனைவி தனித்தனியாக் கணக்கு ஆரம்பிக்கிறது எப்படின்னு பார்ப்போம்.