பழைய புல்வெட்டி வண்டி: ரிப்பேரா, புதுசா?

“அண்ணே, வண்டிய இன்னொரு தடவ வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பலாமா, இல்ல தள்ளிவிட்டுட்டுப் புதுசு எடுத்துடலாமா? பாஸ் என்னைத்தான் கேக்குறாரு.”

கேலாங் லோராங் ஒன்றின் முனைக் கோப்பிக்கடையில் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. சிறிய புல்வெட்டும் கம்பெனி ஒன்றில் அவர் சூப்பர்வைசர். வண்டி என்று அவர் சொன்னது லாரியை அல்ல, லாரியின் முதுகில் ஏறி சைட்டுக்கு வரும், உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி மிஷினை. இரண்டு தே ஹாலியா சொல்லிவிட்டு நாங்கள் பேசியதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வி வேறு பலருக்கும் இருக்கும்.

லாரியாக இருந்தால் பாதி முடிவை அரசாங்கமே எடுத்துவிடும். 1990 மே மாதத்திலிருந்து சிங்கப்பூரில் வாகனம் வாங்க சி.ஓ.இ. எனும் வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். அது 10 ஆண்டு செல்லும். அதன்பின் பணம் கட்டி 5 ஆண்டோ 10 ஆண்டோ புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியைப் பதிவிலிருந்து எடுத்துவிட வேண்டும். சாலையில் ஓடாத புல்வெட்டிக்கு இப்படி ஒரு தேதியை யாரும் குறித்துக் கொடுப்பதில்லை. அதனால்தான் இந்த முடிவு சூப்பர்வைசர் தலையில் வந்து விழுகிறது.

தம்பி முதலில் சொன்னது “வாங்கி நாலு வருஷம்தாண்ணே ஆச்சு” என்பது. வருஷக் கணக்கு இந்த ஊரில் உதவாது. அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்துக்கு இதே மாதிரி மிஷின் வைத்திருப்பவர் வசந்தத்தில் வெளியே எடுப்பார், குளிர் வந்ததும் கொட்டகையில் பூட்டிவிடுவார். ஆண்டுக்கு 50 மணி நேரம் ஓடினாலே பெரிது. இங்கே புல்லுக்கு ஓய்வே கிடையாது. ஆண்டு மழை சராசரி 2,100 மில்லிமீட்டருக்கு மேல். ஆண்டில் ஏறக்குறைய 170 நாள் மழை பெய்கிறது. கௌகிராஸ் என்று நாம் சொல்லும் அகல இலைப் புல் ஜனவரியிலும் வளரும், ஜூலையிலும் வளரும். நாளைக்கு 5 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்று வையுங்கள். 1,250 மணி நேரம் ஆகிறது. அங்கே 25 வருஷத்தில் ஓடுவது இங்கே ஒரே வருஷத்தில் ஓடி முடிந்துவிடுகிறது.

ஆகவே ஹவர் மீட்டரைப் பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கென்று செய்த ஒற்றை சிலிண்டர் எஞ்சின் 1,000 மணி நேரத்தைத் தாண்டினால் அதை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள் என்று பொருள். தொழிலுக்கென்று செய்த இரட்டை சிலிண்டர் எஞ்சின் 2,000 மணி நேரம் போகும், டீசல் அதையும் கடக்கும். மீட்டர் கெட்டுக் கிடந்தால், எப்போது ஆயில் மாற்றினார்கள் என்ற குறிப்பாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத மிஷினுக்குப் பெரிய செலவு செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்து, கெட்டது எது என்று பார்க்க வேண்டும். பேட்டரி, ஸ்டார்ட்டர், கார்புரேட்டர், பெல்ட், பிளேடு சுழலும் ஸ்பிண்டிலின் பேரிங் ஆகியவை தேய்வதற்கென்றே இருக்கும் பாகங்கள். இவற்றுக்காக மிஷினைக் கழிப்பதில் அர்த்தமில்லை. முடிவைத் தீர்மானிப்பவை மூன்றுதான்: எஞ்சின், ஓட்டம் கொடுக்கும் ஹைட்ரோ கியர், கீழே பிளேடுகளை மூடியிருக்கும் டெக்.

எஞ்சினில் ஏமாறுவது சுலபம். நீலப் புகையைப் பார்த்ததும் “ரிங் போச்சு, எஞ்சின் அவுட்” என்று சொல்லிவிடுவார்கள். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் அதே புகைதான் வரும். ஆவி வெளியேறும் பிரீதர் அடைத்திருந்தாலும் வரும். சில இரட்டை சிலிண்டர் எஞ்சின்களில் ஹெட் கேஸ்கெட் உள்பக்கமாக விட்டுப்போனாலும் ஆயிலைக் குடித்துப் புகை கக்கும். கேஸ்கெட்டை மாற்றுவது அரை நாள் வேலை. அதை ரிங் கோளாறு என்று நினைத்து மிஷினையே விற்றவர்கள் உண்டு. கரும்புகை என்றால் பெரும்பாலும் காற்று போகவில்லை, ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தோம், அழுத்தம் குறைவு என்று வொர்க்‌ஷாப்பில் சொன்னாலும் உடனே நம்பிவிட வேண்டாம். இந்தச் சிறு எஞ்சின்கள் பலவற்றில், ஸ்டார்ட் ஆகும்போது சுலபமாகச் சுழல்வதற்காக வால்வைக் கொஞ்சம் திறந்து வைக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. கேஜ் காட்டும் குறைவு அதனாலும் இருக்கலாம். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்தி, அது எங்கே கசிகிறது என்று பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் காற்று சீறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு. வால்வு வேலை தாங்கக்கூடிய செலவு. ரிங்கோடு சிலிண்டரும் தேய்ந்திருந்தால்தான் புது எஞ்சினா, புது மிஷினா என்ற பேச்சே வர வேண்டும்.

ஹைட்ரோவின் நோய் வேறு மாதிரி. காலையில் வண்டி நன்றாக ஏறும், அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் சின்ன மேட்டில்கூடத் திணறும். முதலில் ஓட்டும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, தள்ளி நகர்த்துவதற்கான லீவர் பாதி இழுபட்டுக் கிடக்கிறதா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தும் திணறினால் உள்ளே பம்ப் தேய்ந்துவிட்டது. விலை குறைந்த மிஷின்களில் இந்தப் பெட்டிக்கு ஆயில் வடிக்கும் திருகுகூட இருக்காது. திறந்து சரி செய்வதைவிட முழுசாக மாற்றுவார்கள், அந்தச் செலவு வலிக்கும். ஆனால் இதில் தள்ளிப்போட வழியில்லை. பெரும்பாலான மிஷின்களில் வண்டியை மெதுவாக்குவதும் ஹைட்ரோதான். சரிவில் அது கைவிட்டால் மேலே உட்கார்ந்திருக்கும் ஆளோடு வண்டி உருளும்.

டெக்கைத்தான் நம் ஊர் மழை அரித்துவிடுகிறது. ஈரப்புல் அடியில் அப்பிக்கொள்கிறது, சாயங்காலம் யாரும் சுரண்டுவதில்லை, தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. ஓரத்தில் ஓட்டை விழுந்தால் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். ஸ்பிண்டில் உட்காரும் இடத்தைச் சுற்றி விரிசல் விட்டிருந்தால், அல்லது ஸ்குரூ டிரைவரால் குத்தும்போது தகடு உள்வாங்கினால், அந்த டெக்கில் இனி பிளேடு சுழலக்கூடாது. வேகமாகச் சுழலும் இரும்பு கழன்றால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி பணக் கணக்கு. ரிப்பேர் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடு என்று ஒரு பொது விதி சொல்வார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. கிடைக்கப்போகும் மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். பேச்சுக்கு, புது மிஷின் 10,000 வெள்ளி, 2,500 மணி நேரம் உழைக்கும் என்றால் மணிக்கு 4 வெள்ளி. ரிப்பேர் 3,000 வெள்ளி, அதன்பின் 600 மணி நேரம் ஓடும் என்றால் மணிக்கு 5 வெள்ளி. பாதிக்கும் குறைவான செலவுதான், ஆனாலும் நஷ்டம். அதே 600 மணி நேரத்துக்கு 900 வெள்ளியில் வேலை முடிந்தால் ஒன்றரை வெள்ளிதான், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

இந்தக் கணக்கில் ஏறாத செலவு ஒன்று இருக்கிறது, அதைத்தான் தம்பியிடம் அதிக நேரம் பேசினேன். மிஷின் பத்து நாள் வொர்க்‌ஷாப்பில் கிடந்தால் திடலில் புல் வளராமல் நிற்குமா? ஒப்பந்தப்படி வெட்டியே ஆக வேண்டும். அப்போது என்ன நடக்கிறது? முதுகில் மாட்டும் புல்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் இறங்குகிறார்கள். அது பெட்ரோலோடு 10 கிலோவைத் தொடும். மணிக்கணக்கில் கை அதிர்கிறது. காதுக்குக் கவசம் இல்லாவிட்டால் சத்தம், 8 மணி நேரத்துக்குப் பாதுகாப்பு எல்லையாக வைத்திருக்கும் 85 டெசிபெலைத் தாண்டித்தான் இருக்கும். வெயிலையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் வெப்ப அளவு 32 டிகிரியை எட்டினால், கடும் உடலுழைப்பு செய்பவருக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு விதி கொண்டுவந்தது. திறந்த திடலில் மதிய நேரத்தில் அந்த அளவைத் தொடும் நாள் அபூர்வமல்ல. ஓய்வை முறையாகக் கொடுத்தால் வேலை நீளும், கொடுக்காமல் விட்டால் ஆள் விழுவார். மிஷின் கெட்டதற்கான விலையைக் கம்பெனி கொடுப்பதற்கு முன் அவர்கள் தோள் கொடுக்கிறது.

அதனால் என் அளவுகோல் இது: ஓர் ஆண்டில் எத்தனை நாள் படுத்தது? ஒவ்வொரு தடவையும் செலவு சின்னதாகவே இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் படுக்கும் மிஷின் ஆட்களின் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் நன்றாக இருந்தாலும் அதை முதல் வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். விற்கவும் வேண்டாம். புது மிஷின் சர்வீஸுக்குப் போகும் நாளில் அது மாற்று ஆளாக இறங்கட்டும்.

“அப்ப புதுசுதாண்ணே” என்றார் தம்பி. அவசரம் வேண்டாம் என்றேன். அவருடைய மிஷினின் குறை ஹைட்ரோவா, வெறும் பெல்ட்டா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. பார்த்த பிறகும் புதுசுதான் என்றால், விலைக்கு முன் வேறு சில கேள்விகள் இருக்கின்றன. ஸ்பிண்டிலுக்குக் கிரீஸ் அடிக்கும் முனை இருக்கிறதா? ஹைட்ரோவில் ஆயில் மாற்ற முடியுமா? பெல்ட்டும் பேரிங்கும் சிங்கப்பூரிலேயே கையிருப்பில் இருக்கிறதா, கப்பலில் வர வேண்டுமா? உற்பத்தியும் இப்போது வேகமாக மாறுகிறது. ஹோண்டா அமெரிக்காவில் புல்வெட்டி செய்வதை 2023இல் நிறுத்தியது. கலிபோர்னியா 2024லிருந்து இத்தகைய புதிய சிறு எஞ்சின்கள் புகையே விடக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. இன்று வாங்கும் பெட்ரோல் மிஷினுக்கு ஐந்து வருஷம் கழித்தும் பாகம் தருவீர்களா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். வாய்ப்பேச்சாக மட்டும் சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம் என்றும் சொன்னேன்.