படிமங்களும் இடவுறவுக் கோட்டுருக்களும்

ஒரு படத்தில் காணப்படும் பொருள்களின் பட்டியல் அப்படத்தின் கருத்து ஆகிவிடாது. ஆடு, வேலி, செடி என்னும் மூன்றையும் கணிப்பொறி இனங்கண்டு பெயரிட்டுவிட்டாலும், ஆடு வேலிக்கு வெளியே நிற்கிறதா, உள்ளே புகுந்து செடியைக் கடிக்கிறதா என்பது அப்பெயர்களால் விளங்காது. தோட்டத்துக்கு உரியவர் அறிய விரும்புவதோ அதனைத்தான். வேற்றுமையுருபு இன்றிச் சொற்களை அடுக்கினால் வாக்கியம் ஆகாததைப் போன்றதே இதுவும். இவ்வுறவுகளைக் கணிப்பொறிக்கு உணர்த்தும் முறையையும், அவற்றுக்குப் பெயரிடுகையில் மொழி குறுக்கிடும் இடத்தையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

கோட்டுரு என்பது முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட அமைப்பாகும். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு முனை. இரு பொருள்களுக்கு இடைப்பட்ட உறவு ஒரு விளிம்பு. 'தாங்குகிறது' போன்ற உறவுகளுக்குத் திசையும் உண்டு. இதன் பயனைத் தெளிவாகக் காட்டியது மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேட்ரிக் வின்ஸ்டன் 1970இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு. நிறுத்திய இரு கட்டைகளின் மேல் ஒரு கட்டையைக் கிடத்தினால் அது வாயில் வளைவு. நிற்கும் கட்டைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் அது வளைவன்று. இரு நிலைகளிலும் கட்டைகள் மாறவில்லை, விளிம்புகளே மாறின. வளைவு எனத்தக்கவற்றையும், வளைவு போலிருந்தும் வளைவல்லாதவற்றையும் அடுத்தடுத்துக் காட்டி, 'தாங்க வேண்டும்', 'தொடக்கூடாது' என்னும் விதிகளை வின்ஸ்டனின் நிரல் தானே வருவித்துக்கொள்ளச் செய்தார்.

உறவுகளை வரையறுக்கும் பணி பின்னர் கணித வடிவம் பெற்றது. ரேண்டல், சுய், கோன் ஆகியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வின் வழிவந்த முறை, இரு பரப்புகளுக்கிடையே எட்டு உறவுகளை மட்டும் கொள்கிறது. தனித்திருத்தல், எல்லையில் தொடுதல், ஒரு பகுதி மேற்கவிதல், முற்றும் ஒன்றாதல், எல்லையைத் தொட்டு உள்ளடங்குதல், தொடாது உள்ளடங்குதல் என்பன ஆறு. இறுதி இரண்டின் மறுதலைகளைச் சேர்க்க எட்டாகும். இம்முறையில் மேலும் இல்லை, கீழும் இல்லை என்பது நோக்கத்தக்கது.

மக்கள் வழங்கும் சொற்களையே விளிம்புகளுக்குப் பெயராக இடுவது அண்மைக்கால முறை. 2017இல் வெளியான 'விஷுவல் ஜீனோம்' தொகுப்பில் 1,08,077 படங்களுக்கு இவ்வாறு ஆங்கிலத்தில் குறிப்புகள் எழுதப்பட்டன. எனினும், பொருள்களின் பெயர்களை அறிந்தாலே உறவைப் பெருமளவு ஊகித்துவிடலாம் என்பதை ரோவன் ஜெல்லர்ஸ் முதலியோர் 2018இல் இத்தொகுப்பைக் கொண்டே காட்டினர். மனிதனும் குதிரையும் இருந்தால் 'ஏறிச் செல்கிறான்' என்று சொல்லிவிடலாம். அவன் அருகில் நின்றுகொண்டிருந்தால்தான் பிழை வெளிப்படும். படத்தைப் பாராமல் வழக்கத்தைச் சொல்வது விளக்கம் ஆகாது என்பது என் கருத்து.

இக்குறிப்புகளைத் தமிழில் பெயர்க்கும்போது சிக்கல் வேறு வகையில் எழுகிறது. மேசையின் மேல் புத்தகம், சுவரில் படம், விரலில் மோதிரம் ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'ஆன்' என்னும் ஒரே சொல் போதும். தமிழ் இவற்றை 'மேல்' என்றும் 'இல்' என்றும் பிரிக்கிறது. இன்னும் நுட்பமானது 'மேசையின் மேல் விளக்கு', 'மேசைக்கு மேல் விளக்கு' என்னும் இணை. முன்னதில் விளக்கு மேசையைத் தொட்டு நிற்கிறது. பின்னது பெரும்பாலும் தொடாமல் மேலே தொங்கும் விளக்கையே குறிக்கும். 'மேல்' இரண்டிலும் ஒன்றே. வேறுபாட்டைச் சுமப்பது இன்னும் குவ்வுமே. உருபுகளைக் களைந்து வேர்ச்சொல்லை மட்டும் கொள்ளும் நிரல், இவ்விரு விளிம்புகளையும் ஒன்றாக்கிவிடும். படத்தைக் காண இயலாத ஒருவருக்குக் கணிப்பொறி அதனைத் தமிழில் சொல்ல நேரும்போது இது சிறு பிழையன்று.

திசைச் சொற்களிலும் இடர்ப்பாடு உண்டு. தமிழ் பேசுவோருள் ஒரு சாரார் அருகிலுள்ள சிறு பொருள்களையும் இடம், வலம் என்னாது வடக்கு, தெற்கு என்றே சுட்டுவதை எரிக் பெடர்சன் 1990களில் ஆராய்ந்து எழுதினார். ஒளிப்படத்தின் காட்சியில் வடக்கு தெரிவதில்லை. ஆனால் கைப்பேசிகள் பல, ஒளிக்கருவி நோக்கிய திசையையும் படக்கோப்பில் பதிய வல்லவை. அத்திசையையும் கோட்டுருவில் சேர்த்துவிட்டால், 'தெற்கே இருக்கும் குடம் எது?' என்று கேட்பவருக்கும் விடை கூற இயலும்.