பிறக்கும் முன்பே பிரியும் இடதும் வலதும்

புதுடெல்லி: மக்களவையில் சபாநாயகரின் வலப்புறம் ஆளுங்கட்சி, இடப்புறம் எதிர்க்கட்சி. ஆட்சி மாறினால் இருக்கைகளும் மாறும். மூளையின் இட, வலப் பாதிகளுக்கு இடையிலான வேலைப்பிரிவினை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

அமெரிக்காவில் கெஷ்விண்ட், லெவிட்ஸ்கி ஆகிய இருவரும் 1968-ல் 100 மூளைகளை அளந்தனர். பேச்சைப் புரிந்துகொள்ள உதவும் பகுதி 65 மூளைகளில் இடப்புறமும், 11-ல் மட்டும் வலப்புறமும் பெரிதாக இருந்தது. பேசிப் பழகியதால் வந்த வளர்ச்சி அல்ல இது; பிறவாத சிசுக்களிடமும் இதே வேறுபாடு 1970-களில் கண்டறியப்பட்டது.

இதற்கு முதல் உத்தரவு பிறப்பிப்பது எது? கருவின் 12-வது வாரத்திலேயே 27 மரபணுக்கள் இருபுறமும் வெவ்வேறு அளவில் இயங்குவதாக 2005-ல் ஓர் ஆய்வு கூறியது. பிந்தைய ஆய்வுகள் சில அதை உறுதி செய்யவில்லை, விவாதம் நீடிக்கிறது. இதயத்தை இடப்புறம் வைக்கும் அதே ஏற்பாடுதான் இதுவும் என்று சொல்லிவிட முடியாது. இதயம் வலப்புறம் அமைந்தவர்களில் பலருக்கும் மொழி மூளையின் இடப்பாதியிலேயே உள்ளது.

கட்சித் தாவலும் உண்டு. பச்சிளம் பருவத்தில் இடப்பாதி சேதமடைந்தால், பேச்சுப் பொறுப்பை வலப்பாதி ஏற்பதுண்டு.

ஆனால் 'வலது மூளைப் பயிற்சி' என்று பெற்றோரிடம் கட்டணம் வசூலிக்கும் வகுப்புகளுக்கு இவை எதுவும் ஆதாரமாகாது. யூட்டா பல்கலைக்கழகத்தினர் 7 முதல் 29 வயது வரையிலான 1,011 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்து, 2013-ல் முடிவை வெளியிட்டனர். 'இடது மூளைக்காரர்', 'வலது மூளைக்காரர்' என்று மனிதர்களைப் பிரிப்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை.