நாய் கடித்ததைப் பிள்ளை மறைக்கலாமா?



பாடசாலைக்கும் குர்ஆன் மத்ரஸாவுக்கும் நடந்து போய்வரும் நம் பிள்ளைகள், வழியில் கட்டாக்காலி நாய்களைக் காணாத நாளில்லை. "கிட்டப் போகாதே, நஜீஸ்" என்று சொல்லி அனுப்புகிறோம். அது சரிதான். ஆனால் அத்தோடு நம் கடமை முடிந்துவிடுமா?

நாயின் பல் பட்டுவிட்டால் பிள்ளை என்ன செய்யும்? உடுப்பு அசுத்தமாகிவிட்டதே, உம்மா ஏசுவாவே, வாப்பா அடிப்பாரே என்று பயந்து காயத்தை மறைத்துவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

விசர்நாய் நோயின் கிருமி, உமிழ்நீரோடு காயத்துக்குள் புகுந்து நரம்பு வழியாக மூளைக்குச் செல்கிறது. பெரும்பாலும் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை எந்த அடையாளமும் தெரியாது. நோய் வெளிப்பட்டபின் உயிர் தப்புவது அரிதிலும் அரிது. ஆனால் அதற்கு முன்பே ஊசி போட்டுவிட்டால் பிள்ளையைக் காப்பாற்றலாம். 1885ஆம் ஆண்டில் பிரான்சின் லூயி பாஸ்டர் தமது ஊசியைச் செலுத்திக் காப்பாற்றியதும், நாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஒருவனைத்தான்.

எனவே பிள்ளையிடம் இப்படிச் சொல்லி வையுங்கள்: "நாய் கடித்தாலும், நகத்தால் கீறினாலும், காயத்தை நக்கினாலும் உடனே என்னிடம் சொல். நான் ஏசமாட்டேன்." சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.

காயம் பட்டால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடமாவது கழுவுங்கள். மண், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். சுத்தம் பற்றிய மார்க்கச் சந்தேகத்தைப் பிறகு ஆலிமிடம் கேட்கலாம். தாமதிக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். முகத்திலோ கழுத்திலோ கையிலோ கடித்திருந்தால் இன்னும் அவசரம். காயம் ஆறிவிட்டதே என்று மிச்ச ஊசிகளை விட்டுவிடாதீர்கள். கடித்தது யாருடைய நாய், அது எங்கே நிற்கிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் செல்லமாக வளரும் பூனைக்கும் இந்நோய் வரும். பூனை கடித்தாலும் கீறினாலும் இதே முறைதான். அதற்கும் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

கடி படாமல் தப்பவும் பழக்குங்கள். நாய் நெருங்கினால் ஓடக்கூடாது. ஓடினால் அது துரத்தும். கைகளைத் தொங்கவிட்டு, அதன் கண்ணைப் பார்க்காமல், மரம்போல அசையாமல் நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் உடம்பைச் சுருட்டி, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். தின்னும் நாய், உறங்கும் நாய், குட்டி போட்ட நாய் ஆகியவற்றின் பக்கம் போகவே கூடாது.

நாய்க்குக் கல்லெறிவதை விளையாட்டாக்கவும் விடாதீர்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதை ஹதீஸில் கேட்டிருக்கிறோம் அல்லவா?

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி இதைப் பேசுங்கள்.