பிலிம் கழுவும் நேரம்

வெள்ளைச் சீருடை மாணவியைக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் படமெடுத்து ஸ்கேன் செய்தால், சில வேளைகளில் சீருடை மடிப்புகள் மறைந்து வெறும் வெண்மையே மிஞ்சுகிறது. நெகட்டிவில் அப்பகுதி மிகக் கறுத்துவிட, ஸ்கேனரின் ஒளி ஊடுருவத் தவிக்கிறது.

இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் பிலிமுக்கு, சம அளவு நீர் கலந்த ஐடி-11 டெவலப்பரில் 20 பாகை செல்சியஸில் 13 நிமிடம் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. (நம் ஊர் வெயிலில் பனிக்கட்டியின்றி அந்தக் குளிர்ச்சி ஏது!) ஒரே காட்சியைச் சுருள் முழுவதும் எடுத்து, இருட்டில் மூன்றாக வெட்டி, 13, 11½, 10 நிமிடங்கள் தனித்தனியே கழுவிப் பார்ப்போம். நேரம் குறையக் குறைய வெண்பகுதியின் அடர்த்தியே பெரிதும் குறையும். கரும்பின்னலின் இழைகள் அவ்வளவாக மாறா. அவை படமெடுக்கும்போது விட்ட ஒளியைப் பொறுத்தவை. அங்கே தவறவிட்டதை எந்தக் கழுவலும் மீட்காது. மடிப்பும் பின்னலும் ஒருங்கே தெரியும் துண்டின் நேரமே நமக்கு உரியது. அந்த நெகட்டிவ் சற்று வெளிறித் தோன்றினாலும், வேண்டிய அழுத்தத்தைக் கணினியில் கூட்டிக்கொள்ளலாம்.